‘என்னிடம் இருக்கிறது’ என்பதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

‘என்னிடம் குடை இருக்கிறது’ என்னும் வாக்கியத்தில் எழுவாய் குடைதான். அதை உடையவர் ‘என்னிடம்’ என்று வேற்றுமை உருபு ஏற்று நிற்கிறார். ஆங்கிலத்தில் உடையவரே எழுவாயாகிறார், குடை செயப்படுபொருளாகிறது: ‘ஐ ஹேவ் அன் அம்ப்ரெல்லா’. ஆகவே ‘யாரிடம்’, ‘யாருக்கு’ என்னும் கேள்விக்கு விடையாக வருபவரை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகு வினையையும் பொருளையும் சேர்க்கப் பழக வேண்டும். ‘எனக்கு இரண்டு தங்கைகள்’ என்று தமிழில் வினையே இல்லாமல் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் டூ யங்கர் சிஸ்டர்ஸ்’ என்று வினையைச் சொல்லியே ஆக வேண்டும்.

நிகழ்காலத்தில் ஐ, யூ, வீ, தே ஆகியவற்றோடு ‘ஹேவ்’ வரும். ஹீ, ஷி, இட் ஆகியவற்றோடு ‘ஹேஸ்’ வரும். இறந்தகாலத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஹேட்’தான். கேள்வியிலும் எதிர்மறையிலும்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘டஸ்’ அல்லது ‘டிட்’ வந்துவிட்டால், தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடத்தையும் காலத்தையும் அதுவே காட்டிவிடுவதால், பின்னால் வரும் வினை மாறாத ‘ஹேவ்’ ஆகவே இருக்கும். ‘அவளிடம் சாவி இருக்கிறதா?’ என்பது ‘டஸ் ஷி ஹேவ் தி கீ?’; இங்கே ‘ஹேஸ்’ வராது. பேருந்தில் நடத்துநரிடம் ‘ஐ டோன்ட் ஹேவ் சேஞ்ச்’ என்றால் ‘என்னிடம் சில்லறை இல்லை’ என்று பொருள்.

நம்மிடையே மிகுதியாகக் கேட்கும் பிழை ‘ஐ ஆம் ஹேவிங் எ கார்’ என்பது. உடைமை என்பது ஒரு நிலை. நடந்துகொண்டிருக்கும் செயல் அன்று. அதனால் அந்தப் பொருளில் ‘ஹேவிங்’ வடிவத்தைத் தவிர்த்து, ‘ஐ ஹேவ் எ கார்’ என்றே சொல்ல வேண்டும். ஆனால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ என்பது சரியான வாக்கியம், ஏனெனில் அங்கே அந்தச் சொல் சாப்பிடும் செயலைக் குறிக்கிறது.

‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்கள் அனைத்துக்கும் ‘ஹேவ்’ பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. ‘எனக்குக் காய்ச்சல்’ என்பது ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’ ஆகும். ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதோ ‘ஐ ஆம் ஹங்ரி’ ஆகும். ‘எனக்கு 20 வயது’ என்பதும் ‘ஐ ஆம் ட்வென்டி’ என்றே வரும். இதற்குப் பொது விதி தேடுவதைவிட, பசி, தாகம், வயது ஆகிய மூன்றையும் தனியே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

சட்டப்படி சொந்தமானது என்று அழுத்திச் சொல்ல ‘ஓன்’ உதவும். வாடகைக்குக் குடியிருப்பவர் ‘ஐ ஹேவ் எ டூ பெட்ரூம் ஃபிளாட்’ என்று சொல்லலாம், ஆனால் ‘ஐ ஓன் எ ஃபிளாட்’ என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ‘பொஸஸ்’ என்பது பெரும்பாலும் சட்ட ஆவணங்களுக்கும் முறையான எழுத்துக்கும் உரிய சொல். அன்றாடப் பேச்சுக்கு அது தேவைப்படாது.

‘பிலாங்ஸ் டு’ மட்டும் தமிழின் வரிசைக்கு நெருங்கி வருகிறது. ‘இந்தப் பை என்னுடையது’ என்பதை ‘திஸ் பேக் பிலாங்ஸ் டு மீ’ எனப் பொருளை முன்னிறுத்தியே சொல்லலாம். இங்கே ‘டு’ என்பதை விட்டுவிடக் கூடாது. ‘இஸ் பிலாங்கிங்’ என்றும் சொல்லக் கூடாது.