ஸ்போர்ட்ஸ் காரில் டயரும் டிராக்ஷன் கன்ட்ரோலும்: எதை முதலில் சரிசெய்வது?

ஸ்போர்ட்ஸ் ரகக் கார் ஒன்றை வாங்கிய சில வாரங்களிலேயே பலருக்கும் இரண்டு குறைகள் தென்படுகின்றன. சிறு பள்ளத்தில் இறங்கினாலும் முதுகுத்தண்டு வரை குலுக்குகிறது என்பது ஒன்று; வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் தயங்கி, மீட்டரில் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் மருந்தாக அவர்கள் முதலில் தேடுவது ஓட்டுமுறையை மாற்றும் பொத்தானைத்தான். அந்தப் பொத்தான் கடைசியாகத் தொட வேண்டிய ஒன்று என்பது என் கருத்து. காரும் சாலையும் தொட்டுக்கொள்வது ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு பரப்பில் மட்டுமே. அங்கே கிடைக்கும் பிடிப்பைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் கணக்குப்பிள்ளைதான் டிராக்ஷன் கன்ட்ரோல். இருப்பில் இல்லாததை எடுத்துக் கொடுக்க அதனால் ஆகாது.

பொத்தான் உண்மையில் எதை மாற்றுகிறது

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்புக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் வைக்கப்பட்டிருக்கும் வேக உணரிகளைத்தான் டிராக்ஷன் கன்ட்ரோலும் பயன்படுத்துகிறது. எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள் மற்ற சக்கரங்களைவிட வேகமாகச் சுழலத் தொடங்கினால், அவை வழுக்குகின்றன என்று அது முடிவு செய்து, எஞ்சினின் விசையைக் குறைக்கிறது அல்லது வழுக்கும் சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடிக்கிறது. மீட்டரில் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிவது அப்போதுதான். கார் பக்கவாட்டில் திரும்பிச் சுழல்வதைத் தடுக்கும் ஈ.எஸ்.சி. அமைப்பு இதற்கு அடுத்த படி. 1995-இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் கூப்பேயில் வந்த இந்த அமைப்பு, ஸ்டியரிங் திருப்பிய கோணத்தையும் கார் உண்மையில் திரும்பும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, தேவையான சக்கரத்தில் தனியே பிரேக் பிடிக்கிறது.

வழுக்கலே கூடாது என்பதல்ல இதன் நோக்கம். காய்ந்த தார்ச்சாலையில், காரின் வேகத்தைவிடச் சக்கரம் சுமார் 10 முதல் 20 சதவீதம் கூடுதலாகச் சுழலும் நிலையில்தான் டயர் அதிகமான இழுவிசையைத் தருகிறது. சாதாரண நிலையில் அமைப்பு இந்த எல்லைக்கு வெகு முன்னரே குறுக்கிடும். ஸ்போர்ட் நிலையில் எல்லையை நெருங்கவிட்டுப் பிறகு குறுக்கிடும். செவ்ரலே நிறுவனத்தின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் ஈரம், உலர், ஸ்போர்ட் 1, ஸ்போர்ட் 2, ரேஸ் என ஐந்து நிலைகளும், அண்மைக்கால பி.எம்.டபிள்யூ. எம்3 போன்ற கார்களில் பத்துப் படிகளும் இருப்பது இந்த எல்லையைச் சிறிது சிறிதாக நகர்த்துவதற்காகத்தான்.

இங்கே ஒரு குழப்பம் நேர்கிறது. டிராக்ஷன் கன்ட்ரோலுக்கும் சொகுசுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அதை முழுவதுமாக அணைத்தாலும் பள்ளத்தில் விழும் அடி குறையாது. ஆனால் பல கார்களில் ஸ்போர்ட் என்ற ஒரே பொத்தான், டிராக்ஷன் கன்ட்ரோலின் பிடியைத் தளர்த்துவதோடு ஷாக் அப்சார்பரை இறுக்கி, ஸ்டியரிங்கைக் கனமாக்கி, ஆக்ஸிலரேட்டரையும் கூர்மையாக்கிவிடுகிறது. குலுக்கல் வந்தது இறுகிய ஷாக் அப்சார்பரால். பழி விழுவதோ டிராக்ஷன் கன்ட்ரோல் மீது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமைத்துச் சேமித்துக்கொள்ளும் வசதி உங்கள் காரில் இருந்தால், ஷாக் அப்சார்பரை மென்மையிலும் எஞ்சினை ஸ்போர்ட்டிலும் வைத்து ஓட்டிப் பாருங்கள். பொதுச்சாலைக்கு இதைவிடப் பொருத்தமான சேர்க்கையை நான் கண்டதில்லை.

டிராக்ஷன் கன்ட்ரோலும் சொகுசும் உண்மையிலேயே சந்திக்கும் இடம் மேடுபள்ளமான வளைவு. ஷாக் அப்சார்பர் இறுகியிருக்கும்போது சக்கரம் சாலையின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து தழுவிச் செல்ல முடியாமல் துள்ளுகிறது. துள்ளும் அந்தக் கணத்தில் டயரின் மீதுள்ள எடை குறைகிறது. எடை குறைந்த டயரை எஞ்சின் சட்டென்று வேகமாகச் சுழற்றிவிடுகிறது. உணரி அதை வழுக்கல் என்று தெரிவிக்க, விசை வெட்டப்படுகிறது. சக்கரம் மீண்டும் தரையில் அழுந்தியதும் விசை திரும்புகிறது. ஒரு நொடிக்குள் இது பலமுறை நிகழும்போது, எஞ்சினுக்கு மூச்சு முட்டுவது போல ஓசை விட்டுவிட்டு வரும், விளக்கும் படபடக்கும். ஓட்டுபவர் எரிச்சலடைந்து டிராக்ஷன் கன்ட்ரோலை அணைப்பார். அவர் செய்திருக்க வேண்டியது ஷாக் அப்சார்பரை ஒரு படி தளர்த்துவது. கரடுமுரடான சாலையில் மென்மையான அமைப்பு சொகுசை மட்டுமல்ல, பிடிப்பையும் கூட்டுகிறது.

டயரில் தொடங்குங்கள், அதிலும் காற்றில்

செலவில்லாமல் செய்யக்கூடிய முதல் வேலை காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பது. சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுச்சீட்டிலோ காரின் கையேட்டிலோ இருக்கும். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருப்பது அந்த டயருக்கான உச்ச வரம்பே தவிர, நீங்கள் அடிக்க வேண்டிய அளவு அல்ல. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் வெவ்வேறு அளவு சொல்லியிருந்தால் அப்படியே பின்பற்றுங்கள். காரின் குணத்தையே அந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது. குறைந்தது மூன்று மணி நேரம் கார் நின்ற பிறகு, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வெப்பம் சுமார் 6 டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. கூடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நெடுந்தூரம் ஓட்டிய சூட்டிலேயே காற்றை அளந்து, அளவு கூடுதலாக இருக்கிறதே என்று நான்கு டயர்களிலும் இறக்கிவிட்டேன். மறுநாளிலிருந்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் யோசித்துத் திரும்பியது. கோளாறு ஸ்போர்ட் நிலையில்தான் என்று இரண்டு நாள் பொத்தான்களை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அளந்தபோது ஒவ்வொரு டயரிலும் 4 பி.எஸ்.ஐ. குறைவு.

காற்று கூடுதலானால் டயரின் நடுப்பகுதி மட்டும் சாலையைத் தொடும், குலுக்கலும் கூடும். குறைந்தால் பக்கச்சுவர் நெளிந்து டயர் சூடேறும், ஓரங்கள் தேயும். சொகுசை விரும்பி, தயாரிப்பாளர் பரிந்துரைத்த அளவுக்குக் கீழே இறங்குவதை நான் ஏற்பதில்லை.

அடுத்து அளவு. 245/35 ஆர்19 என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 245 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 35 சதவீதம், அதாவது சுமார் 86 மி.மீ., ரிம்மின் விட்டம் 19 அங்குலம் என்று பொருள். இதே காருக்கு 245/40 ஆர்18 அளவையும் தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால், பக்கச்சுவர் 98 மி.மீ. ஆகிறது, மொத்த விட்டத்தில் 1 மி.மீ. அளவுக்குத்தான் வேறுபாடு. ஸ்பீடோமீட்டர் மாறாது, டிராக்ஷன் கன்ட்ரோலின் கணக்கும் பிசகாது, ஆனால் அடியைத் தாங்கும் காற்று மெத்தை 12 மி.மீ. உயர்கிறது. குலுக்கலைக் குறைக்க இதைவிடப் பலன் தரும் மாற்றம் வேறில்லை. சிறிய ரிம், பிரேக் பேடுகளைத் தாங்கும் காலிப்பரில் உரசாமல் சுழல்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். தோற்றத்துக்காகப் பெரிய ரிம் போடுபவர்கள் இதே கணக்கைத் தலைகீழாகச் செய்துகொள்கிறார்கள் என்பது வேறு கதை.

உங்கள் காரில் ரன்-ஃபிளாட் டயர் இருந்தால், குலுக்கலின் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். பஞ்சரான பிறகும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கி.மீ. ஓடுவதற்காக அதன் பக்கச்சுவர் தடிமனாகச் செய்யப்பட்டிருக்கிறது. சாதாரண டயருக்கு மாறினால் மென்மை கூடும். ஸ்டெப்னியோ பஞ்சர் ஒட்டும் கருவியோ காரில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ரப்பரின் வகையும் முக்கியம். கோடைக்கால டயர் காய்ந்த சாலையில் அருமையாகப் பிடிக்கும், ஆனால் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும். குளிர்ந்த காலையில் முதல் சில கிலோமீட்டர்களில் மஞ்சள் விளக்கு அடிக்கடி எரிந்தால் கோளாறு எதுவும் இல்லை. டயர் இன்னும் சூடேறவில்லை. டயரின் வயதையும் பாருங்கள்: பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. டயரின் மேற்பரப்பிலுள்ள பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் அத்தகைய பழைய டயர் காய்ந்து இறுகிப்போயிருக்கலாம்.

நான்கு டயர்களும் ஒரே மாதிரியாக இல்லாவிட்டால் எந்த அமைப்பும் சரியாக வேலை செய்யாது. புதிய டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மி.மீ.; தேய்ந்தது 2 மி.மீ. என்றால் விட்டம் 12 மி.மீ. குறைகிறது, மேலே சொன்ன அளவில் இது ஏறத்தாழ 2 சதவீதம். சிறிய சக்கரம் கூடுதல் வேகத்தில் சுழன்றாக வேண்டும். சிறு வேறுபாட்டை இன்றைய அமைப்புகள் கற்றுக்கொண்டு சமாளிக்கும். வேறுபாடு பெரிதானால் வழுக்காத சக்கரத்தையும் வழுக்குவதாக எண்ணும், நான்கு சக்கர இயக்கமுள்ள காரில் கியர் அமைப்பும் வீணாகச் சூடேறும்.

ஓட்டிப் பார்க்கும் முறை

நன்கு அறிந்த, போக்குவரத்து குறைந்த ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதல் ஓட்டத்தில் சரியான காற்றும் சாதாரண நிலையும். இரண்டாவது ஓட்டத்தில் ஷாக் அப்சார்பரை மட்டும் இறுக்குங்கள். மூன்றாவதில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து டிராக்ஷன் கன்ட்ரோலை மட்டும் ஸ்போர்ட்டுக்கு மாற்றுங்கள். மூன்று ஓட்டத்திலும் வேகம் ஒன்றாக, சட்ட வரம்புக்குள் இருக்கட்டும். விளக்கு எந்த இடத்தில் எரிந்தது, அப்போது ஸ்டியரிங் நேராக இருந்ததா திரும்பியிருந்ததா என்பதை ஓட்டம் முடிந்ததும் குறித்துவையுங்கள். நேராகப் போகும்போதே எரிந்தால் டயரைச் சந்தேகியுங்கள். ஸ்டியரிங் திரும்பியிருக்கும்போது மட்டும் எரிந்தால் உங்கள் கால் அவசரப்படுகிறது. மழையில் எப்போதும் டிராக்ஷன் கன்ட்ரோலை முழுமையாக இயக்கியே ஓட்டுங்கள்.

டிராக்ஷன் கன்ட்ரோலை முழுவதுமாக அணைக்க வேண்டிய நேரம் ஒன்றும் இருக்கிறது. மணலிலோ சேற்றிலோ சிக்கிய கார் வெளியேறச் சக்கரம் சற்றுச் சுழன்றாக வேண்டும். அமைப்பு விசையை வெட்டிக்கொண்டே இருந்தால் கார் நகராது. பல கார்களில் இதற்கென உள்ள பொத்தானை ஒருமுறை அழுத்தினால் டிராக்ஷன் கன்ட்ரோலும், சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் ஈ.எஸ்.சி.யும் அணையும், இரண்டில் எது அணைந்தது என்பதை மீட்டரில் பார்த்து உறுதிசெய்யுங்கள். வெளியே வந்ததும் மீண்டும் இயக்கிவிடுங்கள். பந்தயத் தடத்திலோ, அணைத்து ஓட்டாமல் கட்டுப்பாட்டைத் தளர்த்தி மட்டும் ஓட்டினால், ஒவ்வொரு வளைவிலும் அமைப்பு உங்களுக்குத் தெரியாமலே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். பின்சக்கர இயக்கமுள்ள காரில் அந்தச் சுமை பின்பக்கப் பிரேக்கில் விழுகிறது. ஆகவே வீடு திரும்பும் முன் காற்றழுத்தத்தோடு சேர்த்துப் பின்பக்கப் பிரேக் பேடுகளின் தடிமனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.