கோல்மான்ஸ்கொப் போவதென்றால் காலையிலேயே போங்கள்

கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் திருகோணமலையில் மத்தியானம் தெருவில் நின்றால் கண்ணிலும் வாயிலும் புழுதிதான். நமீபியாவின் கைவிடப்பட்ட வைர ஊரான கோல்மான்ஸ்கொப்பில் அது பத்து மடங்கு, அதுவும் பின்னேரம் ஆக ஆகக் கூடும். அதனால் முதல் விஷயம், காலையில் போங்கள். வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பதும் காலையில்தான், பகல் 1 மணியோடு கதவைச் சாத்திவிடுவார்கள்.

தலைநகர் விண்ட்ஹூக்கில் இறங்கிக் கார் வாடகைக்கு எடுப்பது நல்லது. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுவது, எங்கள் ஆட்களுக்குத் தடுமாற்றம் இருக்காது. ஆனால் 800 கிலோமீட்டருக்கு மேல், ஒரே நாளில் ஓட வேண்டாம், கீட்மான்ஸ்ஹூப்பில் தங்கிப் போங்கள். ஆவுஸ் என்ற சின்ன ஊரில் பெற்றோல் நிரப்ப மறக்காதீர்கள், அதற்குப் பிறகு லூடெரிட்ஸ் என்ற கடற்கரை ஊர் வரை பாலைவனம்தான். லூடெரிட்ஸில் தங்கினால் கோல்மான்ஸ்கொப் 10 கிலோமீட்டர் சொச்சம். பாலைவனம்தானே என்று நினைக்காதீர்கள், கடல் குளிர்ந்தது, ஒரு ஜாக்கெட் வேண்டும்.

1908இல் தண்டவாளத்தில் மணல் அள்ளிக்கொண்டிருந்த ஸக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளிதான் முதல் வைரக் கல்லைக் கண்டு மேலாளரிடம் கொடுத்தவர். மேலாளர் பணக்காரரானார், லெவாலாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. (புல்மோட்டையில் கரையோர மணலில் இல்மனைட் என்ற கனிமத்தை அள்ளுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, மணலுக்குள் பணம் இருக்கும் என்பது புதினமில்லை. அது யாருக்குப் போகும் என்பதும்தான்.) பிறகு, அப்போது அந்த நாட்டை ஆண்ட ஜெர்மன்காரர் பாலைவன நடுவில் ஆஸ்பத்திரி, ஐஸ் தொழிற்சாலை, பந்து உருட்டி விளையாடும் கூடம் எல்லாம் கட்டினார்கள். எக்ஸ்ரே இயந்திரம்கூட வந்தது, தொழிலாளர் வைரத்தை விழுங்கியிருக்கிறார்களா என்று பார்க்கவும் அது உதவியதாம். 1928இல் தெற்கே ஆரஞ்சு ஆற்றுப் பக்கம் பெரிய கற்கள் அகப்பட, சனம் அங்கே நகர, 1956இல் ஊர் வெறிச்சோடிவிட்டது.

வழிகாட்டி சொல்லி முடித்த பிறகு தனியாக வீடுகளுக்குள் நுழையுங்கள், அதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தது. ஓர் அறையில் மணல் சாய்வாக ஏறி, கதவு பாதி திறந்தபடியே புதைந்து நிற்கிறது, இனி அதைச் சாத்தவும் முடியாது திறக்கவும் முடியாது. மணலில் ஏறி நின்றால் நிலையின் மேற்சட்டம் என் நெஞ்சுக்குத்தான் வந்தது. சுவரில் நீலச் சாயம் அப்பளம் மாதிரிப் பொரிந்து நிற்கிறது, தொட்டால் உதிரும், தொடாதீர்கள். மாடிப் பலகைகள் சில உளுத்தவை, பார்த்துக் கால் வையுங்கள்.

கமரா லென்ஸை உள்ளே மாற்றவே வேண்டாம். சூரியோதயத்தில் படம் எடுக்க வேண்டுமென்றால் தனி அனுமதிச் சீட்டு இருக்கிறது, சாதாரணச் சீட்டைவிட விலை கூட. கீழே கிடக்கும் கல் எதையும் எடுக்காதீர்கள், பளபளத்தாலும் சரி, பளபளக்காவிட்டாலும் சரி. சுற்றுவட்டாரமெல்லாம் இன்னும் வைரத் தடை வலயம், விளையாட்டில்லை.

முடிந்ததும் லூடெரிட்ஸுக்குத் திரும்பிச் சிப்பி சாப்பிடுங்கள், அந்த ஊர் அதற்குப் பேர் போனது. கொட்டியாரக் குடா நண்டுக் கறியில் வளர்ந்த நாக்குக்கு உறைப்புக் காணாது, சின்னப் போத்தலில் மிளகாய்த்தூள் கொண்டுபோங்கள்.