வீட்டுப் பதிவுக்கு ஒரு கேசட் டெக்: கணினியில் பதிந்த பாட்டை டேப் வழியாக அனுப்பி எடுக்கும் முறை

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் காவடிப் பாட்டும் தேவாரமும் பாடும் இளைஞர்கள் இப்போது வீட்டிலேயே பதிவு செய்துவிடுகிறார்கள். ஒரு மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மடிக்கணினி இருந்தால் வேலை முடிந்தது. பதிவும் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜால்ரா காதைக் குத்துகிறது. குரலும் ஆர்மோனியமும் ஒட்டாமல் தனித்தனியே நிற்கின்றன. டேப் போன்ற அனலாக் கருவி வாங்கினால் இது சரியாகுமா என்று பலர் கேட்கிறார்கள். ஓரளவு சரியாகும். அதற்காக ஆயிரக்கணக்கில் ராண்ட் செலவழிக்க வேண்டியதில்லை, ஒரு பழைய கேசட் டெக் போதும்.

அது நம் வீடுகளிலேயே கிடைக்கும். இந்தியா 1946இல் தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்தியது. அந்தத் தடை 1990களின் தொடக்கம்வரை நீடித்தது. ஒரு பாட்டு கேசட் கையில் கிடைத்தால் அதைப் பிரதி எடுத்து உறவினருக்குக் கொடுப்பது அந்தக் காலத்தில் பெரிய உதவி. இரண்டு கேசட் போடும் டெக்குகளைப் பழைய வரவேற்பறை அலமாரிகளில் இன்றும் பார்க்கிறேன். தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பழைய பொருள் விற்கும் கடைகளில் தேடலாம்.

முதலில் டேப் ஒலியை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. டேப்பில் பூசிய காந்தத் துகள்கள் ஓர் அளவுக்குமேல் காந்தமாக முடியாது. அந்த எல்லை திடீரென்று வருவதில்லை. ஒலி கூடக்கூட அலையின் உச்சிகள் மெல்ல மழுங்குகின்றன. அப்படி மழுங்கும்போது முக்கியமாக மூன்றாம் கிளைச்சுரம், அதாவது மூலச் சுரத்தைப்போல் மூன்று மடங்கு அதிர்வெண் உள்ள சுரம், உண்டாகிறது. நீங்கள் நடு ஸ்தாயி ஸட்ஜத்தைப் பாடினால் அதன் மூன்றாம் கிளைச்சுரம் மேல் ஸ்தாயிப் பஞ்சமம். தம்பூராவை மீட்டிவிட்டு உற்றுக் கேட்பவர்களுக்கு அந்தப் பஞ்சமம் புதிதல்ல. நம் காதுக்கு டேப் ஒலி இதமாகப் படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கூடவே, டேப் மேல்சுருதி ஒலிகளை முதலில் அடக்கும். ஜால்ராவின் கூர்மை குறைவது அதனால்தான்.

1. டெக்கைத் தேர்ந்தெடுத்தல்

‘ரெக் லெவல்’ என்று எழுதிய குமிழ் கட்டாயம் இருக்க வேண்டும். கையில் தூக்கிச் செல்லும் ரேடியோ கேசட் பெட்டிகளில் பெரும்பாலும் அது இருக்காது. அவை ஒலியளவைத் தாங்களே ஏற்றி இறக்கும். மிருதங்கம் விழும் ஒவ்வொரு முறையும் பாட்டு பதுங்கி எழும். அப்படிப்பட்ட பெட்டி இந்த வேலைக்கு உதவாது.

டெக்கின் பின்புறத் தகட்டில் 220 அல்லது 240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானிலோ அமெரிக்காவிலோ விற்பதற்காகச் செய்தவை 100, 120 வோல்ட்டில் ஓடுபவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும்.

2. சுத்தம் செய்தல்

டேப்பில் பதிந்து படிக்கும் ஹெட்டையும் டேப் தொடும் உலோகப் பகுதிகளையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். மருந்துக் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் கொடுத்தால் வேண்டாம். அதில் எண்ணெய் கலந்திருக்கலாம். ரப்பர் உருளைக்கு ஈரத் துணி போதும்.

டர்பனின் ஈரக்காற்றில் பழைய கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்கும். டேப் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதை டெக்கில் போடாதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும்.

3. கேசட்

60 நிமிடக் கேசட் வாங்குங்கள். 120 நிமிட டேப் மிக மெல்லியது, சுற்றிக்கொள்ளும். சாதாரண ஃபெர்ரிக் வகையே நமக்குப் போதும். வீட்டில் கிடக்கும் பழைய கேசட்டை எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடுங்கள். பாட்டியின் குரல் அதில் இருந்தால், கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்து, யாரும் அதன்மேல் பதிய முடியாதபடி செய்து பத்திரப்படுத்துங்கள்.

4. இணைத்தல்

இன்டர்ஃபேஸின் இடது, வலது வெளியீடுகள் டெக்கின் ‘லைன் இன்’னுக்குப் போக வேண்டும். டெக்கின் ‘லைன் அவுட்’ இன்டர்ஃபேஸின் உள்ளீடுகளுக்கு வர வேண்டும். ஒரு முனையில் 6.35 மி.மீ. பிளக்கும் மறுமுனையில் ஆர்சிஏ பிளக்கும் உள்ள வயர்கள் நான்கு தேவை. உள்ளீட்டை ‘லைன்’ நிலையில் வையுங்கள். மைக்குக்குப் போகும் 48 வோல்ட்டை அணைத்துவிடுங்கள். பதியும்போது டெக் தனக்கு வரும் ஒலியை அப்படியே வெளியேயும் அனுப்பும். ஆகவே இன்டர்ஃபேஸில் ‘மானிட்டர்’ பொத்தானையும் மென்பொருளில் உள்ளீட்டைக் கேட்கும் வசதியையும் அணைக்காவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும்.

அடியில் ‘ம்’ என்ற இரைச்சல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சலைப் போக்க பிளக்கின் எர்த் முனையை ஒருபோதும் வெட்டாதீர்கள்.

5. அளவு வைத்தல்

இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. அவசரப்பட வேண்டாம்.

ஆடாசிட்டி இலவச மென்பொருள். அதில் 400 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை உருவாக்குங்கள். அம்பிளிட்யூட் கட்டத்தில் 0.126 என்று கொடுத்தால் அது டிஜிட்டல் உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே இருக்கும். டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதியை அணையுங்கள். வயதான டெக்குகளில் அது அளவு பிசகி, மேல்சுருதியைத் தேவைக்குமேல் விழுங்கிவிடும். டெக்கைப் பதிவு நிலையில் நிறுத்திவைத்து, தொனியை ஓடவிட்டு, டெக்கின் ஊசி 0 தொடும்வரை ‘ரெக் லெவல்’ குமிழைத் திருகுங்கள். ஊசிக்குப் பதில் விளக்குகள் இருந்தாலும் இதே முறைதான்.

இனி பாட்டிலேயே மிக ஓங்கி ஒலிக்கும் 30 வினாடியைத் தேர்ந்தெடுத்து மூன்று முறை பதியுங்கள். முதல்முறை ஊசி -5ஐத் தாண்டக்கூடாது. இரண்டாம்முறை 0 வரை போகட்டும். மூன்றாம்முறை +3 வரை விடுங்கள். டிஜிட்டல் மீட்டரில் 0 தாண்டினால் ஒலி வெட்டுப்படும். டேப்பில் 0 தாண்டினால் ஒலியின் குணம் மாறத் தொடங்கும், அவ்வளவுதான். எவ்வளவு மாற வேண்டும் என்பதை உங்கள் விரல் தீர்மானிக்கிறது.

மூன்றையும் டேப்பிலிருந்து கணினிக்குத் திரும்பப் பதிந்து, ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ கொடுத்துச் சம ஒலிக்குக் கொண்டுவாருங்கள். இதை விட்டுவிட்டால் ஓங்கி ஒலிப்பதே நன்றாக இருப்பதுபோல் காது ஏமாறும். பிறகு ஒவ்வொன்றிலும் ஜால்ராவையும் மிருதங்கத்தின் வலந்தலையையும் கவனியுங்கள். +3இல் ஜால்ரா மங்கிப்போயிருக்கும், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி திரண்டிருக்கும். ஆர்மோனியமும் குரலும் மட்டும் உள்ள பாட்டுக்கு அது அழகு. கோஷ்டியாகப் பாடும் காவடிப் பாட்டுக்கு 0 பக்கமே எனக்குப் பிடிக்கிறது.

6. முழுப் பாட்டையும் பதிதல்

பாட்டுக்கு முன்னால் கணினியில் ஒரு கைதட்டல் ஒலியைச் சேர்த்துவிடுங்கள். கேசட்டின் தொடக்கத்தில் சில வினாடிகள் காந்தப்பூச்சு இல்லாத நாடா ஓடும், அது கடந்த பிறகு பதியத் தொடங்குங்கள். பாட்டு ஓடும்போது குமிழைத் தொடாதீர்கள். டேப் ஒலியைப் போலவே ஒலிக்கும் மென்பொருள்கள் இன்று நன்றாகவே வந்துவிட்டன. இருந்தும் நான் டெக்கை விடாததற்குக் காரணம் இந்த நான்கைந்து நிமிடம்தான். திருத்த முடியாது என்று தெரிந்ததும் பாட்டைக் கடைசிவரை முழுமனதோடு கேட்கிறோம். திரையில் அலைவடிவத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்பவர்களுக்கு அப்படிக் கேட்கும் வாய்ப்பு குறைவு.

நடுவில் மின்சாரம் போனால் உடனே ‘ஸ்டாப்’ பொத்தானை அழுத்துங்கள். பழைய டெக்குகளில் ரப்பர் உருளை உலோகத் தண்டில் அழுந்தியபடியே நின்று பள்ளம் விழும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் சுரம் நடுங்கும். மின்சாரம் திரும்பும்வரை பிளக்கையும் கழற்றி வையுங்கள்.

7. திரும்ப எடுத்தல்

பதிந்த அதே டெக்கிலேயே ஓட்டுங்கள். கேசட்டின் வேகம் வினாடிக்கு 4.76 செ.மீ. என்பது ஏட்டுக் கணக்கு. டெக்குக்கு டெக் சற்று வேறுபடும். 1 சதவீதம் வேகம் மாறினாலே சுருதி ஏறக்குறைய 17 சென்ட் நகர்ந்துவிடும். அது அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகம் இப்படிச் சற்று மாறக்கூடும் என்பதால்தான் சுருதிப்பெட்டி ஒலியும் டேப்பில் சேர்ந்தே போக வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். குரலை மட்டும் டேப் வழியாக எடுத்துவிட்டு, கணினியில் இருக்கும் சுருதியைக் கீழே வைத்தால் இரண்டும் உரசும். தாளமும் மெல்ல விலகும். கைதட்டலை வைத்துத் தொடக்கத்தைப் பொருத்திவிட்டு, பாட்டின் கடைசி அடியில் மூலப்பதிவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் டெக்கின் குணம் அதில் தெரிந்துவிடும்.

முழுப் பாட்டையும் அனுப்பிப் பழகிய பிறகு, இடப்பக்கம் குரலையும் வலப்பக்கம் ஆர்மோனியத்தையும் வைத்து, இரண்டையும் ஒரே ஓட்டத்தில் அனுப்பிப் பாருங்கள். ஒன்றாக ஓடுவதால் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகாது. ஒவ்வொன்றுக்கும் கணினியிலேயே வேறு வேறு அளவு கொடுக்கலாம். குரல் -5இலும் ஆர்மோனியம் +3இலும் போகட்டும். திரும்ப எடுத்தபின் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து, மிருதங்கத்தையும் ஜால்ராவையும் அதே முறையில் அடுத்த ஜோடியாக அனுப்புங்கள். அந்த ஜோடிக்கும் கைதட்டலைச் சேர்க்க மறக்காதீர்கள். இரண்டு ஓட்டங்களுக்கு இடையே சிறிது விலகல் இருக்கும், அதைச் சரணத்துக்குச் சரணம் வெட்டி நகர்த்திப் பொருத்திக்கொள்ளலாம்.