என் பிளெக்கோ தொட்டியில் சண்டை ஓய்ந்த விதம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டின் நான்கடித் தொட்டியில், கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் சாதாரண பிளெக்கோ என்னும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி மீன் ஒன்றையும், அதன் சிறிய இனமான பிரிசில்நோஸ் பிளெக்கோக்கள் மூன்றையும் சேர்த்து வளர்த்தேன். ஆறு மாதங்களில் பிரிசில்நோஸ் ஆண்கள் இரண்டின் துடுப்புகளும் கிழிந்திருந்தன. பெண் மீனின் வயிறு ஒட்டிப்போயிருந்தது.

நோய் என்று எண்ணி மருந்து ஊற்றியது என் அவசரம். ஓர் இரவு விளக்கை அணைத்து, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சுடன் அமர்ந்தபோதுதான் காரணம் விளங்கியது: தொட்டியில் இருந்த ஒரே மண்குழாய்க்காக ஆண்கள் இரண்டும் முட்டிக்கொள்ள, தீனி முழுவதையும் பெரிய மீனே வளைத்துக்கொண்டது.

ஒருபுறம் அடைத்த ஐந்து மண்குழாய்களை, வாய்கள் ஒன்றையொன்று நோக்காதவாறு வைத்து, இடையே நன்கு ஊறிய மரக்கட்டைகளை மறைப்பாக நிறுத்தினேன். விளக்கணைத்த பிறகு, லேசாக வேகவைத்த சுரைக்காய்த் துண்டுகளைத் தொட்டியின் இரு முனைகளிலும் இட்டு, மிச்சத்தை விடிந்ததும் எடுத்துவிடுகிறேன்; பிளெக்கோக்கள் தொட்டியைச் சுத்தம் செய்வதைவிட அசுத்தம் செய்வதே அதிகம் என்பதால், வாரந்தோறும் 30 சதவீத நீரையும் மாற்றுகிறேன்.

ஓர் அடிக்கும் மேல் வளரக்கூடிய பெரிய மீன், சித்தப்பா வீட்டுச் சிமெண்டுத் தொட்டிக்குச் சென்றது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அதனை ஊசுட்டேரியில் விட்டுவிடலாம் என்று சிலர் கூறியதை நான் ஏற்கவில்லை. துடுப்புகள் மீண்டும் வளர்ந்துவிட்டன. ஆண்களுள் ஒன்று இப்போது குழாய்க்குள் முட்டைகளைக் காத்துக்கொண்டிருக்கிறது.