ராமநாதபுரம் கடற்கரையில் டிரெய்லர் வாழ்க்கை: நாய்களோடு பயணிக்கும் ஓய்வுபெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணி ஓய்வு பெற்ற தம்பதியர் காருக்குப் பின்னால் டிரெய்லர் வீட்டைக் கோத்துக்கொண்டு, வளர்ப்பு நாய்களையும் ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றுவது மேலைநாடுகளில் பழகிப்போன வாழ்க்கைமுறை. மின் இணைப்பு, குடிநீர்க் குழாய், கழிவுநீரை இறக்கும் தொட்டி ஆகியவற்றுடன் அதற்கென்றே அமைந்த தங்குமிடங்கள் அங்கே சாலை நெடுகிலும் உண்டு. தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று மூக்கையூர் வரை வளைந்து செல்லும் ராமநாதபுரம் கரைக்கு அதே எதிர்பார்ப்போடு வருவதுதான் எல்லாவற்றுக்கும் முந்தைய தவறு. எங்கே தங்குவது, எத்தனை நாள் தங்குவது என்பதை இங்கே வெயிலும் நன்னீரும் காற்றும்தான் முடிவு செய்கின்றன. இவற்றின் கடுமை நம்மைவிட முன்னதாக நாயைத் தாக்கும். ஆகவே நாயின் உடல் எதைத் தாங்கும் என்பதை அளவாக வைத்துக்கொண்டு பயணத்தை வகுப்பதே சரி. அவ்வாறு வகுத்தால் அறுபதைக் கடந்த நம் உடம்புக்கும் அதுவே பொருந்திவிடும் என்பது என் கருத்து.

நாயின் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய தவறு ராமேஸ்வரம் கோயில் வாசலில்தான் நேர்கிறது. அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களிலும் நீராடி, உடை மாற்றி, சுவாமியையும் அம்பாளையும் தரிசித்து வெளியே வருவதற்கு, கூட்டமில்லாத நாளிலேயே சில மணி நேரம் ஆகிவிடும். கோயிலுக்குள் நாயை அழைத்துச் செல்ல முடியாது. "ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறோம், தண்ணீரும் வைத்திருக்கிறோம்" என்று சொல்லி, வண்டி நிறுத்துமிடத்தில் பூட்டிய டிரெய்லருக்குள்ளோ காருக்குள்ளோ நாயை விட்டுச் செல்பவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைப்பதால் பெரிய மாற்றம் ஏற்படுவதில்லை. நமக்கு வியர்ப்பதுபோல் நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைக்கும்போது நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாவதால்தான் அதன் உடல் பெரும்பாலும் குளிர்கிறது. காற்றிலேயே ஈரம் மிகுந்த கடற்கரையில் அந்த ஆவியாதல் மந்தமாகிவிடுவதால், உள்நாட்டு ஊரில் கடும் வெயிலைத் தாங்கிய நாய்கூட இங்கே அதைவிடக் குறைந்த வெப்பத்தில் துவண்டுவிடும்.

இதற்கு எளிய வழி, தம்பதியர் முறை வைத்துச் செல்வதே. அதிகாலை ஐந்து மணியளவில் நடக்கும் ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு ஒருவர் சென்று வர, மற்றவர் நாயோடு இருக்கலாம், மறுநாள் மாறிக்கொள்ளலாம். சேர்ந்துதான் நீராட வேண்டும் என்ற வேண்டுதல் இருந்தால், அந்த ஒரு நாளுக்கு மட்டும் நாயோடு இருப்பதற்கு நம்பகமான ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. டிரெய்லரில் ஏசி ஓடுகிறதே என்ற தைரியமும் போதாது. கூரையில் பதித்த சூரிய மின்தகடுகள் விளக்குக்கும் மின்விசிறிக்கும் போதுமானவை. ஏசியை மணிக்கணக்கில் ஓட்டுவதற்கு அதைவிடப் பெரிய ஏற்பாடு வேண்டும். இன்வெர்ட்டர் ஒருமுறை நின்றுபோனால் உள்ளே இருக்கும் நாயால் யாரையும் அழைக்க முடியாது.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை இருக்கும். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. இடைவிடாத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம், வாந்தி ஆகியவை தென்பட்டால், உடனே நிழலுக்குக் கொண்டுசென்று வயிறும் தொடையும் பாதமும் நனையும்படி சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். ஈரத் துண்டால் போர்த்தி மூடிவிடுவது பலர் செய்யும் தவறு. அது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். உடலைக் குளிர்வித்த பிறகே வண்டியில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பக், புல்டாக், ஷிட்சூ போன்ற தட்டை மூக்கு நாய்களைச் சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் அழைத்து வராமலிருப்பதே அவற்றுக்குச் செய்யும் உதவி. நாட்டு இனம் என்றால் எதையும் தாங்கும் என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியன்று. ராஜபாளையம் நாயின் வெள்ளை முடிக்கு அடியில் உள்ள இளஞ்சிவப்புத் தோல் வெயிலில் வெந்துவிடும்.

கடற்கரை நடையை விடிந்ததும் முடித்துக்கொள்ள வேண்டும். புறங்கையை மணலில் சில விநாடிகள் வைத்துத் தாங்க முடியவில்லை என்றால் அந்த மணலில் நாயின் பாதம் பட்டுப் புண்ணாகிவிடும். கரையில் நாயை அவிழ்த்துவிடுவதில் வேறு ஆபத்துகளும் உண்டு. கரைவலையிலும் படகு வலையிலும் சிக்கி, விலைபோகாது என்று மணலில் எறியப்பட்ட மீன்களில் பேத்தை மீன் பெரும்பாலும் கிடக்கும். அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் உள்ள நஞ்சு சமைத்தாலும் அழியாது. அதைக் கடித்துத் தின்ற நாய்க்கு மூச்சுத் தசைகள் செயலிழந்துவிடும், மாற்று மருந்தும் கிடையாது. திருக்கையின் வால் முள்ளும் கெளுத்தியின் முள்ளும் பாதத்தைக் கிழித்துவிடும். ஒதுங்கிக் கிடக்கும் சொறிமுட்டை (ஜெல்லி மீன்) செத்த பிறகும் கொட்டும். தாகத்தில் கடல்நீரைக் குடிக்கும் நாய்க்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, மிகுதியானால் வலிப்பு வரை போகும். ஆகவே கரைக்குப் போகும்போதெல்லாம் கயிறும் குடிநீரும் கையில் இருக்க வேண்டும்.

மீனவர்களின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். மணலில் விரித்துக் காயப்போட்ட வலையும், பெண்கள் பரப்பி வைத்திருக்கும் கருவாடும் அவர்கள் பிழைப்பு. அதன்மேல் நாய் நடந்தாலோ சிறுநீர் கழித்தாலோ, அடுத்த வண்டிக்காரருக்கும் அந்த ஊரில் இடம் கிடைக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் தொழிலுக்குப் போவதில்லை. படகு பழுதுபார்ப்பதும் வலை பின்னுவதும் கரையிலேயே நடப்பதால் அப்போது இன்னும் கவனம் தேவை.

தனுஷ்கோடிப் பக்கம் ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. மோப்பம் பிடித்த நாய் ஒன்று சில நிமிடங்களில் ஒரு குழியைக் கிளறிவிடும். குளிர்காலத்தில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றிய ஆழமில்லாத நீர்ப்பரப்பில் பூநாரைகள் இரை தேடும். அப்பகுதி 2025இல் பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டுள்ளது. அங்கே நாயைக் காரை விட்டு இறக்காமல் இருப்பதே முறை. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும்: நினைவுப்பொருளாகப் பவளப்பாறைத் துண்டைப் பொறுக்கி டிரெய்லர் அலமாரியில் வைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடல் அட்டைக்கும் அதே சட்டம் பொருந்தும்.

தண்ணீர் விஷயத்தில் செய்யும் தவறு நாயை மட்டுமன்றி ஊரையும் பாதிக்கிறது. இம்மாவட்டக் கடலோரத்தில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பு. குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு பெண்கள் பொதுக் குழாயடியில் காத்து நிற்பதும், மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் நீர் இறைப்பதும் இங்கே அன்றாடக் காட்சிகள். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்கள் வந்த பிறகும் நீர் வரும் நாளுக்காகக் காத்திருக்கும் ஊர்கள் உள்ளன. அத்தகைய குழாயில் ரப்பர் குழலைச் செருகி 150 லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொள்வது, யாரும் தடுக்காவிட்டாலும், செய்யக்கூடாத காரியம். ராமநாதபுரம், பரமக்குடி போன்ற நகரங்களில் விலை கொடுத்து நிரப்பிக்கொண்டு வருவதும், குடிக்க 20 லிட்டர் கேன் வாங்குவதும் நல்லது. நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி நீர் தேவை. 25 கிலோ நாய்க்கு ஒன்றரை லிட்டர், வெயிலில் அதற்கும் மேல். இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளாமல், உவர்நீரைக் கொடுத்தால் பழகிக்கொள்ளும் என்று விடுவது தவறு. கடலில் விளையாடிய நாயின் முடியிலும் காதிலும் உள்ள உப்பைக் கழுவுவதற்கும், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் டிரெய்லரின் அடிச்சட்டத்தை அவ்வப்போது அலசுவதற்கும் நன்னீர்தான் வேண்டும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

காற்றைப் பற்றி உள்ளூர்க்காரர்களிடம் கேட்காமல் இடம் பிடிக்கக் கூடாது. ராமேஸ்வரம் பக்கத்தில் பாக் நீரிணைப் பகுதியைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் மணலை வாரி அடிக்கும். அரியமான், தேவிபட்டினம் போன்ற வடகரை அப்போது ஓரளவு அமைதியாக இருக்கும். ஐப்பசியில் வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழாகிவிடும். டிரெய்லரின் வெளிப்பந்தலை விரித்து வைத்துவிட்டுத் தூங்குபவர்கள் காலையில் அதை முள்காட்டில் தேட நேரும்.

பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறக்கப்பட்டது; சுமார் 2.3 கிலோமீட்டர் நீளம், இருபுறமும் திறந்த கடல். அருகிலிருந்த பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள் என்பதிலிருந்து அங்கு வீசும் காற்றின் வலிமையை ஊகிக்கலாம். உயரமான பக்கச் சுவர் கொண்ட டிரெய்லர் அந்தக் காற்றை முழுதாக வாங்கிக்கொள்ளும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் கொக்கியின்மேல் இறங்கும்படி பாரத்தைப் பெரும்பாலும் அச்சுக்கு முன்னால் ஏற்ற வேண்டும்; நாய் உணவு மூட்டைகளையும் தண்ணீர் கேன்களையும் பின்பக்கம் அடுக்கினால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கிவிடும். அவ்வாறு ஆடும்போது பிரேக்கை அழுத்தி மிதிப்பதும் வேகத்தைக் கூட்டுவதும் கவிழ்வதற்கு வழி; ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். காரின் கையேட்டில் இழுவைத் திறன் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதை டிரெய்லர் வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும். டிரெய்லர் தனியாகப் பதிவு செய்ய வேண்டிய வாகனம் என்பதும், ஓடும்போது அதற்குள் மனிதரோ நாயோ இருக்கக் கூடாது என்பதும் பலருக்கு மறந்துவிடுகின்றன. நாயின் இடம் காரின் பின்னிருக்கையே, அதுவும் வார் மாட்டியபடி.

தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனைக்கு 2017 முதல் தார்ச்சாலை இருப்பதால் டிரெய்லரோடு போய்விடலாம் என்று எண்ணுவது தவறு. காற்று சாலையின்மேல் மணலைக் கொண்டுவந்து குவிக்கும். ஒதுங்கினால் சக்கரம் புதைந்துவிடும். டிரெய்லரை ராமேஸ்வரத்தில் விட்டுவிட்டுக் காரில் சென்று, மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். இருட்டிய பின் அங்கே யாரையும் இருக்க விடுவதில்லை. இலங்கைக்கு நெருங்கிய இந்தக் கரை முழுவதும் கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசாரின் கண்காணிப்பில் உள்ளது. ஆளில்லாத கரையில் இரவு விளக்கு எரியும் வண்டியைக் கண்டால் விசாரிப்பது அவர்கள் கடமை. அடையாள அட்டையும் வண்டிப் பத்திரங்களும் எடுத்த எடுப்பில் கிடைக்கும்படி இருக்க வேண்டும். உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்களிடம் பேசி, வாடகை கொடுத்துத் தங்குவது எல்லா வகையிலும் நல்லது. கண்மாய்க்குள்ளும் உப்பளத்து ஓரத்திலும் காய்ந்து வெடித்த நிலம் உறுதியாகத் தோன்றும். ஒரு மழைக்கு வண்டி அச்சுவரை இறங்கிவிடும். சீமைக்கருவேல முள் டயரையும் நாயின் பாதத்தையும் ஒன்றாகவே பார்க்கும். நிறுத்துமிடத்தை விளக்குமாற்றால் ஒருமுறை பெருக்கிவிடுவது வீண்வேலை அன்று.

கழிவறைத் தொட்டியைப் பனங்காட்டில் திறந்துவிடக் கூடாது. நகரத்தில் செப்டிக் டேங்க் லாரிக்காரர்களிடம் பணம் கொடுத்து ஒப்படைக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரைமட்டத்தில் காற்றுத்துளை இருக்க வேண்டும். தரையில் படுக்கும் நாய்தான் கசிவுக்கு முதலில் இரையாகும்.

நாட்காட்டியைப் பார்க்காமல் புறப்படுவதும் பெருந்தவறு. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் ராமேஸ்வரத்தில் டிரெய்லரைத் திருப்ப இடமிருக்காது. செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாளையும், அக்டோபர் இறுதியில் பசும்பொன்னில் தேவர் குருபூஜையையும் ஒட்டி மாவட்டமெங்கும் வாகனக் கட்டுப்பாடுகள் இருக்கும். அந்நாட்களில் ஓரிடத்தில் நிலையாக இருந்துவிட வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று அளிக்க வேண்டிய நவம்பரில்தான் இங்கே வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும். செல்போனில் முகப்பதிவு மூலமாகவோ தபால்காரர் மூலமாகவோ அதை முடித்துக்கொள்ளலாம் என்பதால், அதற்காக மழையில் ஊர் திரும்ப வேண்டியதில்லை. 55 வயதைக் கடந்தவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் 5 ஆண்டுகளுக்கே புதுப்பிக்கப்படும். காலாவதியான உரிமத்தோடு விபத்தில் சிக்கினால் காப்பீட்டுப் பணம் கேள்விக்குறியாகிவிடும்.

மருத்துவத்தைப் பொறுத்தவரை, 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்; ஆயினும் அது பெரும்பாலும் ஆடுமாடுகளுக்காக ஓடுவது என்பதால், நாய்க்கு நள்ளிரவில் ஆபத்து என்றால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. ராமநாதபுரத்தில் நாய் பார்க்கும் மருத்துவர்களின் எண்களை ஊருக்குள் வந்த அன்றே வாங்கி வைப்பதும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டையைக் கையோடு வைத்திருப்பதும், உண்ணி மருந்தைக் கிளம்பும் முன்பே தொடங்குவதும் தவறாமல் செய்ய வேண்டியவை. ஆட்டுக்கிடை போட்ட தோப்புகளில் உண்ணி மிகுதி. அவை பரப்பும் காய்ச்சலில் நாயின் ஈறு வெளுத்து, அது தீனி மறுக்கும்போதே ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும், இரண்டு நாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.