மயான வைராக்கியத்தைக் கொஞ்ச நாள் தக்கவைப்பது எப்படி?

சாவு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஒரு தெளிவு வரும். இவ்வளவு ஓட்டம் எதற்கு, நாளையிலிருந்து பிள்ளைகளோடு நேரம் செலவழிக்க வேண்டும், பேசாமல் இருக்கிற அண்ணனிடம் பேசிவிட வேண்டும் என்றெல்லாம். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்து ஒரு காபி குடித்ததும் எல்லாம் போய்விடும். மயான வைராக்கியம் என்று இதைத்தான் கிண்டல் செய்வார்கள். ஆனால் அந்த அரை மணி நேரத் தெளிவு பொய்யில்லை, அதற்கு ஆயுள்தான் குறைவு. அதை நீட்டிக்க நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

குளித்துவிட்டு வந்த கையோடு, வாட்ஸ்அப்பைத் திறப்பதற்கு முன்னால், யார் நினைப்பு வந்ததோ அவருக்குப் போன் போடுங்கள். "சாப்பிட்டியா" என்று கேட்டாலே போதும். நாக்கு அடங்கி விக்கல் மேலெழுவதற்குள் நல்லதைச் செய்துவிடு என்கிறார் வள்ளுவர், நிலையாமை அதிகாரத்தில். வாழ்க்கை நிலையற்றது என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம், விக்கல் என்றதும்தான் சுருக்கென்கிறது.

அடுத்து காகித வேலை. தத்துவத்தில் இது எங்கே வந்தது என்று கேட்காதீர்கள், எனக்குப் பாதி பயம் போனதே இதில்தான். உயிலை வெள்ளைத் தாளிலேயே எழுதலாம். நீங்கள் கையெழுத்துப் போட்டு, சொத்தில் பங்கில்லாத இரண்டு சாட்சிகளும் போட்டால் சரி. இந்தியாவில் பதிவு கட்டாயமில்லை. வங்கிக் கணக்கில் நாமினி போட்டாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள், நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், அதனால் மட்டுமே அது அவருக்குச் சொந்தமாகிவிடாது.

சரி, சந்தோஷத்துக்கு வருவோம். ஏதென்ஸில் ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு வாழ்ந்த கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸ், நாம் இருக்கும்வரை மரணம் இல்லை, மரணம் வந்தபின் நாம் இல்லை, பிறகென்ன பயம் என்று கேட்டவர். கெட்டிக்காரத்தனமான வாதம்தான், ஆனால் அம்மாவின் மரணத்தை நினைத்து அழுகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், செல்லாது. எனக்கு உதவியது கி.மு. 270-இல் சாகும் தறுவாயில் அவர் நண்பருக்கு எழுதிய கடிதம்தான். சிறுநீர் அடைப்பும் வயிற்று வலியும் தாங்க முடியாத அளவுக்கு இருந்தும், நாம் பேசிக்கொண்டிருந்ததை நினைத்தால் வரும் மகிழ்ச்சி அதற்கெல்லாம் ஈடாக நிற்கிறது என்று எழுதினார்.

அப்படி நினைத்துப் பார்க்க நம்மிடம் ஏதாவது சேர்ந்திருக்க வேண்டுமே! அதற்காக நான் செய்வது ரொம்பச் சின்ன காரியம். நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்ததும் தூக்கிப் போடாமல், பின்பக்கம் அன்றைக்கு யாரோடு இருந்தது நன்றாக இருந்தது என்று ஒரு வரி எழுதுகிறேன். நாள் என்பது உயிரை அறுக்கும் வாள் என்றும் வள்ளுவரின் அதே நிலையாமை அதிகாரத்தில் இருக்கிறது, தாள் கிழியும் சத்தத்தில் சில நாள் அது கேட்கத்தான் செய்கிறது. எழுத எதுவும் தோன்றாத நாளில் அப்படியே விட்டுவிடுங்கள், இட்டுக்கட்டாதீர்கள். போன வருடத் தாள்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் யாரோடோ டீ குடித்ததுதான்.