லைன் ஆர்ட்டில் பிசிறு எங்கிருந்து வருகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஜிட்டலில் கோட்டோவியம் வரையத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "எந்த பிரஷ் நல்லது?" என்றுதான். உண்மையில் பிரஷ்ஷால் கெடும் கோடுகள் குறைவு. கிரிட்டா என்ற வரையும் மென்பொருளை நிறுவும்போதே கூட வரும் இங்க்-2 ஃபைன்லைனர், இங்க்-3 ஜிபென் இரண்டும் தாராளமாகப் போதும். கோட்டைக் கெடுப்பது கையின் பழக்கம். எவ்வளவு மெதுவாக இழுக்கிறோம், எவ்வளவு கிட்டே போய் வரைகிறோம், எதன் மேல் வரைகிறோம் என்பதில்தான் பாதிக்கு மேல் தீர்மானமாகிவிடுகிறது. கிரிட்டா இலவசம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். கிளிப் ஸ்டுடியோ, புரோகிரியேட், இபிஸ் பெயின்ட் எதில் வரைந்தாலும் தவறுகள் இவைதான். பட்டன் இருக்கும் இடம்தான் மாறும்.

புடவை கட்டிய ஒரு பெண்ணை வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறும் புடவையின் ஓரம் ஒரே நீண்ட வளைவு. பலரும் என்ன செய்கிறார்கள் என்றால், திரையை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, தெரிகிற வரைக்கும் ஒரு துண்டு வரைந்து, நகர்த்தி, அடுத்த துண்டை அதன் நுனியில் ஒட்டுகிறார்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒவ்வொரு துண்டும் ஒழுங்காகவே இருக்கும். 100 சதவீதத்துக்கு வந்தால்தான் தெரியும்: ஒட்டிய இடத்திலெல்லாம் சின்னச் சின்ன முடிச்சு, நடுவில் எங்கேயோ வளைவு ஒடிந்து நிற்கிறது, துணி தகரம் போல ஆகிவிட்டது.

இரண்டு காரணங்கள். ஒன்று, மெதுவாக இழுத்தால் கையின் இயல்பான நடுக்கம் அத்தனையும் டேப்லெட்டில் (பேனாவால் வரையும் பலகையில்) பதிவாகும். கொஞ்சம் வேகம் கூட்டினாலே நடுக்கம் பெருமளவு அடங்கிவிடும். இரண்டு, மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு வரைந்தால் சின்ன வில் அளவுக்குத்தான் கை போகும். கண், உதடு, விரல் நகம் இதற்கெல்லாம் மணிக்கட்டு சரி. நீண்ட வளைவுக்கு முழங்கை அசைய வேண்டும், இன்னும் நீளம் என்றால் தோளிலிருந்தே கை வர வேண்டும். எனவே முழு வளைவும் திரையில் தெரிகிற அளவுக்கு வெளியே வாருங்கள். பேனாவை டேப்லெட்டில் தொடாமல் அந்தப் பாதையில் ஓரிரு முறை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் ஒரே இழுப்பு. பிடிக்கவில்லையா, கன்ட்ரோல்-இசட் அடித்துவிட்டு முழுதாக மறுபடி இழுங்கள். சரியில்லாத கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டுத் திருத்துவதுதான் பிசிறுக்கு முதல் காரணம். முனை கொஞ்சம் நீண்டுபோனால் கவலையில்லை. 'இ' விசையைத் தட்டினால் அதே பிரஷ் அழிப்பானாக மாறிவிடும்.

கேன்வாஸைத் திருப்பாமல் வரைவதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கைக்கும் இயல்பாக வரும் திசை ஒன்று உண்டு. காகிதத்தில் வரையும்போது யோசிக்காமலே தாளைத் திருப்பிக்கொள்பவர்கள் கணினி முன்னால் கையை முறுக்கிக்கொண்டு வரைகிறார்கள். கிரிட்டாவில் 4-ம் 6-ம் கேன்வாஸைச் சுழற்றும், 5 பழைய நிலைக்குக் கொண்டுவரும். 'எம்' அழுத்தினால் படம் கண்ணாடியில் தெரிவது போல இடவலமாக மாறும். முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

அடுத்தது ஸ்டெபிலைசர், அதாவது கோட்டைத் தானாகச் சீராக்கும் வசதி. நடுக்கத்தைக் குறைக்க இது நல்ல துணை, மறுக்கவில்லை. ஆனால் அளவை உச்சத்தில் வைத்துவிட்டு அப்படியே முழுப் படத்தையும் வரைவது தவறு. கோடு பேனாவுக்குப் பின்னால் தாமதித்து வரும். கூர்மையான திருப்பமெல்லாம் மழுங்கும். முழங்கை மூட்டு, மூக்கு நுனி, துணி மடியும் முனை எல்லாம் ஒரே மாதிரி உருண்டு, யார் வரைந்தது என்றே தெரியாத படமாகிவிடும். கிரிட்டாவின் டூல் ஆப்ஷன்ஸில் பேசிக், வெயிட்டட், ஸ்டெபிலைசர் என்று வகைகள் இருக்கின்றன. சிறு விவரங்களுக்கு பேசிக் போதும். நீண்ட வளைவுக்கு மட்டும் ஸ்டெபிலைசருக்கு மாறுங்கள். கூர்முனை வரும் இடத்தில் பேனாவை எடுத்துவிட்டுப் புதுக் கோடாகத் தொடங்குங்கள்.

கை சரியாக இருந்தும் கோடு தயங்குகிறது என்றால் கீழே இருக்கும் ஸ்கெட்சைப் பாருங்கள். தோள் இருக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டுக் கிறுக்கல் இருந்தால், எது தோள் என்று மை போடும், அதாவது இறுதிக் கோடு இழுக்கும் நேரத்தில்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். யோசித்துக்கொண்டே இழுக்கும் கோடு நடுங்காமல் என்ன செய்யும்? முதல் ஸ்கெட்சின் மேல் புது லேயரில் (கண்ணாடித் தாள் போன்ற அடுக்கில்), ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரே கோடு என்று இரண்டாவது ஸ்கெட்ச் போடுங்கள். அதை வெளிர் நீலமாக்கி, ஒபாசிட்டியை (அடர்த்தியை) 30 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டு, இன்னொரு லேயரில் மை போடுங்கள். சோம்பல் பார்த்து இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் மணிக்கணக்கில் அழித்து அழித்து வரைகிறார்கள்.

கோட்டின் கனத்துக்கு வருவோம். எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருந்தால் படம் தட்டையாகிவிடும். அதே புடவையில் கொசுவ மடிப்புகள் இடுப்பில் வந்து சேரும் இடத்தைக் கவனியுங்கள். ஐந்தாறு கோடுகள் முழுக் கனத்தோடு அங்கே முட்டினால் கறுப்புத் திட்டாக அடைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் இடுப்பை நெருங்கும்போது அழுத்தத்தைத் தளர்த்தி, நுனியை மெலிதாக்கி, ஒன்றிரண்டை முட்டுவதற்கு முன்பே நிறுத்த வேண்டும். ஒரு மடிப்பு இன்னொன்றின் அடியில் நுழையும் இடத்தில் மட்டும் கனம் கூட்டினால் ஆழம் தானாகத் தெரியும். எவ்வளவு அழுத்தினாலும் கோடு மெலிதாகவே வருகிறது, அல்லது தொட்டாலே தடிக்கிறது என்றால், டேப்லெட் செட்டிங்ஸில் உள்ள அழுத்த வளைவை (எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்ற அமைப்பை) உங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

வட்டம் போட்டால் முட்டையாக வருகிறதா? டேப்லெட்டின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். டேப்லெட்டை இயக்கும் டிரைவர் மென்பொருளில் விகிதத்தைச் சமப்படுத்துங்கள், அவ்வளவுதான்.

கேன்வாஸை முதலிலேயே பெரிதாக எடுங்கள். ஏ4 தாளில் அச்சிட 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480 × 3508 பிக்சல் வேண்டும். கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்துக்கு 600 டிபிஐ, அதாவது 4960 × 7016, இன்னும் நல்லது. சின்னதாக வரைந்து பிறகு பெரிதாக்கினால் கோட்டின் ஓரம் மங்கிவிடும். கையைக் கொஞ்சம் திருப்பலாம், தலையைக் கொஞ்சம் சுருக்கலாம் என்பதையெல்லாம் ஸ்கெட்சிலேயே முடித்துவிடுங்கள். மை போட்ட லேயரைத் திரும்பத் திரும்ப டிரான்ஸ்ஃபார்ம் செய்தால் ஒவ்வொரு தடவையும் கூர்மை குறையும். கோட்டைப் பிக்சலாக இல்லாமல் வளைவாகவே வைத்துக்கொள்ளும் கிளிப் ஸ்டுடியோவின் வெக்டர் லேயரில் இந்தத் தொல்லை கிடையாது.

கடைசியாக வண்ணம். ஃபில் கருவியால் வண்ணம் ஊற்றியதும் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் நடுவில் வெள்ளை மயிரிழை ஒன்று தெரியும். கோட்டின் ஓரத்தில் பாதி தெரியும் பிக்சல்கள் இருப்பதால் வருவது அது. கோட்டு லேயரிலேயே வண்ணம் ஊற்றாதீர்கள். அதற்குக் கீழே தனி லேயர் போட்டு, ஃபில் கருவி எல்லா லேயரையும் பார்க்கும்படி வைத்து, வண்ணப் பரப்பை விரிக்கும் குரோ அளவை ஒன்றிரண்டு பிக்சல் கூட்டினால் வண்ணம் கோட்டுக்கு அடியில் போய் உட்காரும். வண்ணம் வெளியே வழிந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது. பெரிதாக்கித் தேடி, அந்த இடத்தை மட்டும் மூடுங்கள். சேமிக்கும்போது ஜேபெக் வேண்டாம், கறுப்புக் கோட்டைச் சுற்றி அழுக்குப் படிந்தது போலாகிவிடும். பிஎன்ஜியில் சேமியுங்கள், லேயர்களோடு கிரிட்டாவின் கேஆர்ஏ கோப்பு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.